விலை இறங்கிய டேப்லெட்: வாங்குவதா, விடுவதா?



சம்பளம் வாங்கிய வாரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போகிறோம். மின்சாதனக் கடை வாசலில் ஒரு விளம்பரத் தாள் தொங்குகிறது. 899 வெள்ளி என்பதைச் சிவப்புக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 499 வெள்ளி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிறது. "அம்மா, பாடம் படிக்க வேணும். எல்லாரும் வச்சிருக்காங்க." தாய் தகப்பனைப் பார்க்கிறாள். தகப்பன் பையைத் தொட்டுப் பார்க்கிறார்.

நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று கணக்கிட்டால், 499 வெள்ளி என்பது ஏறத்தாழ எட்டு நாள் உழைப்பு. விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த எட்டு நாள். அந்த எட்டு நாளைக் கொடுத்து இந்தச் சாமானை வாங்கலாமா? அதற்கு விடை தேட, டேப்லெட் என்னும் பலகைக் கணினியின் விலை எப்படி எப்படி இறங்கி வந்தது என்ற வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு சாமானிலிருந்து தொடங்குவோம். அதுதான் டிரான்சிஸ்டர் வானொலி.

1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரீஜென்சி என்னும் முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49 டாலர் 95 காசு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பின்னர் ஜப்பானியர்கள் ஏராளமாகச் செய்யத் தொடங்கினார்கள். விலை மளமளவென்று இறங்கியது. ஒரு காலத்தில் துரை பங்களாவில் மட்டும் பாடிய வானொலி, லயத்து வீட்டு ஐந்தடியிலும் பாடத் தொடங்கியது. விலை இறங்கிய பிறகு வாங்கியவர் எவரும் ஏமாறவில்லை. ஏன்? நிலையம் ஒலிபரப்பும் வரை, பேட்டரி இருக்கும் வரை, அந்தப் பெட்டி பாடும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடப்பட்டாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

டேப்லெட் அப்படிப்பட்டதன்று. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டேப்லெட்டுக்குள் ஓடும் மென்பொருளை அதன் கம்பெனி அவ்வப்போது புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். பாடத்துக்கு வேண்டிய செயலிகள் அதில் ஓட வேண்டும். நாம் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் அதன் உயிரில் ஒரு பாதி கம்பெனியின் கையிலேயே இருக்கிறது. இதை ஒரு கதை தெளிவாகக் காட்டும்.

2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆப்பிள் கம்பெனி ஐபேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆரம்ப விலை 499 டாலர். அது விற்ற வேகத்தைக் கண்டு மற்றக் கம்பெனிகளும் களத்தில் இறங்கின. அவற்றுள் ஒன்று ஹெச்.பி. கம்பெனி. உலகெங்கும் கணினி விற்ற பெரிய கம்பெனி. அது 120 கோடி டாலர் கொடுத்துப் பாம் என்னும் கம்பெனியை வாங்கி, அதன் மென்பொருளைக் கொண்டு டச்பேட் என்ற டேப்லெட்டைச் செய்தது. 2011 ஜூலை 1-ஆம் தேதி அது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதற்கும் ஆரம்ப விலை 499 டாலர்தான்.

வாங்க ஆள் இல்லை. ஆகஸ்டு மாதத்தில் விலையை 100 டாலர் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அசையவில்லை. ஆகஸ்டு 18-ஆம் தேதி, சாமான் கடைக்கு வந்து ஏழு வாரம்கூட நிறையாத நிலையில், இனி இதைச் செய்யப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. தேங்கிக் கிடந்த சரக்கைத் தீர்க்க, அந்த வாரக் கடைசியிலேயே விலை 99 டாலராக இறங்கியது. 499 எங்கே, 99 எங்கே! ஐந்தில் ஒரு பங்கு விலை. அதுவரை திரும்பிப் பாராத மக்கள் கடை வாசலில் வரிசை பிடித்தார்கள். இருந்த சரக்கு பறந்துவிட்டது. கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்காக, கைவிட்ட சாமானையே கடைசியாக ஒரு தடவை செய்து விற்க வேண்டிய நிலைமை கம்பெனிக்கு ஏற்பட்டது.

வாங்கியவர்களுக்கு லாபமா, நட்டமா? இரண்டும் உண்டு. திரையும் உள்ளுறுப்புகளும் 499 டாலருக்கு உரிய தரம். படம் பார்க்க, படிக்க, அந்த விலைக்கு அது நல்ல சாமான். ஆனால் அதற்கென்று புதிய செயலிகளை எழுதிக் கொடுக்க ஆட்கள் முன்வரவில்லை. நாள் ஆக ஆக அது பின்தங்கியது. 2015 ஜனவரியில் அதன் செயலிக் கடையையும் கம்பெனி மூடிவிட்டது. கணினி நுட்பம் தெரிந்த சிலர் தாங்களாகவே அதில் ஆண்ட்ராய்டு மென்பொருளை ஏற்றி மேலும் சில காலம் ஓட்டினார்கள். கைத்திறன் உள்ளவருக்கு அது இயலும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கும் அது இயலுமா?

ஆகவே, விலை இறங்குவதற்கு முதல் காரணம் கைவிடுதல். செய்தவனே கைகழுவிய சாமான் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் ஆயுள் குறைவு.

அதே 2011-ஆம் ஆண்டு நவம்பரில் இரண்டாவது காரணம் தலைகாட்டியது. அமேசான் கம்பெனி கிண்டில் ஃபயர் என்னும் டேப்லெட்டை 199 டாலருக்கு விற்கத் தொடங்கியது. ஐபேடின் விலையில் பாதிகூட இல்லை. எப்படி முடிந்தது? இந்தச் சாமானை விற்பதில் தங்களுக்கு லாபம் இல்லை, மக்கள் இதைப் பயன்படுத்தும்போதுதான் லாபம் என்பதை அந்தக் கம்பெனியின் தலைவர் மறுவருடமே வெளிப்படையாகச் சொன்னார். டேப்லெட் வழியாகப் புத்தகம் வாங்குவார்கள், படம் பார்ப்பார்கள், மற்றச் சாமான்களும் வாங்குவார்கள். வருமானம் அங்கே வரும்.

2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் இதே கம்பெனி இன்னும் கீழே இறங்கியது. ஏழு அங்குலத் திரை கொண்ட ஃபயர் டேப்லெட்டின் விலை 49 டாலர் 99 காசு. ஐந்து வாங்கினால் ஆறாவது இனாம் என்று, முட்டை விற்பதுபோல விற்றார்கள். நேயர்களே, முதல் டிரான்சிஸ்டர் வானொலியின் விலையும் ஏறத்தாழ இதுதான் என்பது நினைவிருக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் சாமான் வேறு. இதைத் திறந்தால் முதலில் விளம்பரம் தெரியும். விளம்பரம் வேண்டாம் என்றால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சேமிப்பிடம் 8 ஜிபி. அதிலும் ஒரு பகுதியை மென்பொருளே பிடித்துக்கொள்ளும். வழக்கமான ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் இருக்கும் கூகுள் செயலிக் கடை இதில் இல்லை. அமேசானின் சொந்தக் கடைதான். வீட்டில் கதை படிக்கவும் படம் பார்க்கவும் போதும். ஆனால் பள்ளி சொல்லும் செயலி அந்தக் கடையில் இல்லாவிட்டால் என்ன செய்வது?

எனவே இரண்டாவது காரணம், விற்பவர் தம் லாபத்தை வேறு வழியில் எடுத்துக்கொள்வது. அப்படிப்பட்ட சாமானை வாங்கக் கூடாது என்பதில்லை. கொடுக்காத பணத்துக்குப் பதிலாக எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மூன்றாவது காரணத்துக்கு இந்தியாவுக்குப் போவோம். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி புதுடில்லியில் ஆகாஷ் என்னும் டேப்லெட்டை இந்திய அரசாங்கம் வெளியிட்டது. மாணவர்களுக்கு மானிய விலையில் ஏறத்தாழ 35 டாலருக்குக் கொடுப்பது திட்டம். உலகத்திலேயே மிக மலிவான டேப்லெட் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏழைப் பிள்ளையின் கையில் கணினி என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்த விலைக்குள் அடக்க வேண்டும் என்று உள்ளே இருந்ததையெல்லாம் குறைத்தார்கள். ரேம் என்னும் வேலை நினைவகம் 256 எம்.பி. மட்டுமே. மூளையாகிய சிப்பு மெதுவானது. திரையை விரலால் தொட்டால் போதாது, அழுத்த வேண்டும். பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கையில் வாங்கிய மாணவர்கள் குறை சொன்னார்கள். அரசாங்கமே ஒப்புக்கொண்டு, 2012 நவம்பரில் ஆகாஷ் 2 என்று திருத்திய டேப்லெட்டை வெளியிட்டது. அதில் ரேம் இருமடங்கு; திரையும் மெல்லத் தொட்டாலே வேலை செய்தது. எனினும், எல்லா மாணவர் கையிலும் இது இருக்கும் என்ற முதல் கனவு நிறைவேறவில்லை.

விலை குறைந்ததற்கு இங்கே காரணம், உள்ளே இருப்பது குறைந்ததுதான். அரிசியில் கல் கலந்தால் படி நிறைந்துதான் இருக்கும். உலை கொதிக்கும்போதுதான் தெரியும்.

நான்காவது காரணம் நல்ல காரணம். 2012-ஆம் ஆண்டு கூகுள் கம்பெனி நெக்சஸ் 7 என்னும் டேப்லெட்டை வெளியிட்டது. 16 ஜிபி சேமிப்பிடம் உள்ளது 249 டாலர். அக்டோபர் மாதக் கடைசியில் அதே 16 ஜிபி டேப்லெட் 199 டாலருக்கு இறங்கியது. சாமானில் குறை இல்லை. யாரும் கைவிடவும் இல்லை. மேலும் பெரிய சேமிப்பிடம் உள்ள மாடல் வந்ததால் இதன் விலை இறங்கியது. அதே காலத்தில் சீனாவில் சிப்பு செய்யும் கம்பெனிகள் பெருகின; ஒரு டேப்லெட்டுக்கு வேண்டிய சிப்பு சில டாலருக்கே கிடைக்கலாயிற்று. திரையும் மலிவாயிற்று. இப்படி இறங்கிய விலை வாங்குபவருக்கு உண்மையான லாபம்.

ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. 2014-ஆம் ஆண்டுக் கடைசியில் ஆண்ட்ராய்டின் 5-ஆம் பதிப்பு வந்தது. அதை ஏற்றிய பிறகு, 2012-இல் செய்த அந்த டேப்லெட் மிகவும் மெதுவாகிவிட்டது என்று பலர் குறைபட்டார்கள். பழைய மாட்டு வண்டியில் லாரிச் சுமை ஏற்றியது போலாயிற்று. 2015-இல் வந்த 5.1 பதிப்போடு அதற்குப் புதுப்பிப்பும் நின்றது. அதாவது 2012-இல் வாங்கியவருக்கு மூன்றாண்டு. அதையே 2014-இல் மலிவு விலையில் எங்கேனும் வாங்கியிருந்தால்? ஓராண்டுதான். டேப்லெட்டின் வயதை நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, அது முதலில் வெளிவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தே பாடம் என்றார்கள். அதுவரை ஆடம்பரமாக இருந்த டேப்லெட் ஒரே மாதத்தில் பள்ளிப்பை ஆகிவிட்டது. ஒரே கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் முறை போட்டுப் படித்த வீடுகள் எத்தனை! தகப்பன் வேலைக்குப் போகும்போது தொலைபேசியும் கூடவே போய்விடும், பாடம் இரவில்தான். 2021-ஆம் ஆண்டில் செர்டிக் என்னும் திட்டத்தின்கீழ் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 150,000 கணினிச் சாதனங்கள் கொடுக்கத் திட்டமிட்டார்கள். கிடைக்காத பெற்றோர் தாங்களே வாங்க முற்பட்டார்கள். கையில் இருந்ததற்கு ஏற்ப மலிவானதைத் தேடினார்கள்.

அந்த நேரத்தில்தான் இன்னொன்று நடந்தது. நம் நாட்டில் 3ஜி என்னும் மூன்றாம் தலைமுறைத் தொலைபேசி அலைவரிசைச் சேவையைப் படிப்படியாக நிறுத்தி, 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் பழைய மாடல் டேப்லெட் ஒன்றை மலிவாக வாங்கிய ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அதில் சிம் அட்டை போட இடம் இருக்கிறது. ஆனால் அது 3ஜி மட்டுமே அறிந்தது. புத்தாண்டு பிறந்ததும் அந்தச் சிம் வழியாக இணையம் வராது. வைஃபை இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். தோட்டத்தில் எத்தனை வீட்டில் வைஃபை இருக்கிறது? சாமான் பழுதாகவில்லை, திரையில் கீறல் இல்லை. ஆனாலும் பிள்ளைக்குப் பாடம் வராது. வானொலிக்கும் டேப்லெட்டுக்கும் உள்ள வேற்றுமை என்று முன்பு சொன்னது இதுதான்.

செயலிகளும் அப்படியே. 2023 அக்டோபரில் வாட்ஸ்அப் கம்பெனி, ஆண்ட்ராய்டு 5-ஆம் பதிப்புக்கு முந்திய சாதனங்களில் தன் சேவையை நிறுத்தியது. ஆசிரியர் வகுப்புக் குழுவில் பாடம் அனுப்புகிறார். பழைய சாதனம் வைத்திருப்பவருக்கு அது வந்து சேராது.

இவ்வளவும் சாமானைப் பற்றி. சாமான் நன்றாக இருந்தால் மட்டும் பிள்ளை படித்துவிடுமா? இதற்குத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் ஒரு சான்று இருக்கிறது. ஆகாஷ் வருவதற்கு முன்பே, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற இயக்கத்தை அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபோண்டே தொடங்கினார். 100 டாலர் கணினி என்று 2005-இல் அறிவித்தார். 2007-இல் அது செய்து முடிந்தபோது விலை 100 டாலருக்கு வெகு மேலே போய்விட்டது. பெரு நாட்டு அரசாங்கம் லட்சக்கணக்கில் அவற்றை வாங்கி ஏழைக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. பின்னர் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கி 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டது. பிள்ளைகள் கணினியைக் கையாளக் கற்றார்கள். பொதுவான சிந்தனைத் திறனிலும் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆனால் கணக்கிலும் மொழிப் பாடத்திலும் கணினி பெற்ற பள்ளிக்கும் பெறாத பள்ளிக்கும் வேற்றுமை காணப்படவில்லை. அந்தக் கிராமங்கள் பலவற்றில் இணையம் இல்லை. அதைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்ற பயிற்சியும் ஆசிரியர்களுக்குப் போதவில்லை.

ஆகவே நேயர்களே, கடை வாசலில் நிற்கும் அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன சொல்லலாம்?

முதல் கேள்வி: விலை ஏன் இறங்கியது? புதிய மாடல் வந்ததால் போன வருட மாடலின் விலை இறங்கியிருந்தால், அது நல்ல வாய்ப்பு. பெயர் தெரியாத சாமானாக இருந்து, இணையத்தில் மட்டும் விற்கப்பட்டு, பழுது பார்க்கக் கடையும் இல்லையென்றால், எவ்வளவு இறங்கினாலும் தள்ளி நில்லுங்கள். சில கடைகளில் விலையை ஏற்றி எழுதி, பிறகு அடித்துக் காட்டுவதும் உண்டு. அடிக்கப்பட்ட விலையைப் பார்க்காதீர்கள். இன்றைக்குக் கொடுக்கப்போகும் விலையை வேறு இரண்டு கடையில் கேட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது: இது எந்த ஆண்டில் வெளிவந்த மாடல்? மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும்? பெயர் பெற்ற கம்பெனிகள் இதை அறிவிக்கின்றன. விலையை மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 499 வெள்ளிக்கு நான்கு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 125 வெள்ளி. 299 வெள்ளிக்கு ஓராண்டுதான் என்றால் ஆண்டுக்கு 299 வெள்ளி. எது மலிவு?

மூன்றாவது: உள்ளே என்ன இருக்கிறது? இன்றைய பள்ளிப் பாடத்துக்கு ரேம் 4 ஜிபி, சேமிப்பிடம் 64 ஜிபி இருந்தால் தாராளமாக ஓடும். விளம்பரத்தில் ரேம் 12 ஜிபி என்று போட்டிருப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தைப் படியுங்கள். உண்மையான ரேம் 4. மீதி 8 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. கடன் வாங்கிய ரேம் உண்மையான ரேமைப் போல் ஓடாது.

நான்காவது: உங்கள் தோட்டத்தில் எந்தத் தொலைபேசிச் சேவை நன்றாக எடுக்கிறது? வைஃபை இல்லாத வீட்டுக்கு 4ஜி சிம் போடக்கூடிய டேப்லெட் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுத் தொலைபேசியிலிருந்து இணையத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிரிம் சான்றிதழ் முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள். மாதந்தோறும் ஆகும் இணையக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாடு வாங்கினால் போதுமா? புல்லும் வேண்டும் அல்லவா?

ஐந்தாவது கேள்வி கடைக்காரரிடம் கேட்பதன்று. நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. இதை வைத்துப் பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்காரப் போவது யார்? நமக்குக் கணினி தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பாடம் தெரியாவிட்டாலும், இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல் என்று கேட்கத் தெரியும். அந்த அரைமணி நேரம் இல்லையென்றால், பாடத்துக்கு வாங்கியது விளையாட்டுக்குப் போய்விடும்.

இந்த ஐந்துக்கும் நல்ல விடை கிடைத்தால், தயங்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், இன்னும் இரண்டு மாதம் பொறுத்து நல்லதாக ஒன்று வாங்குங்கள். விலை இனியும் இறங்கலாம். இது வரை நடந்த வரலாறு அப்படித்தான் சொல்கிறது. அது வரை பள்ளிப் புத்தகம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடையில் இருப்பது தானம் வந்த மாடு அன்று. எட்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்கும் மாடு. பல்லைப் பிடித்துப் பார்த்தே வாங்குவோம்.